கிண்டியில் வேலை, வாடகைக்கு 12,000: சென்னையில் எங்கே குடிபோகலாம்?

மதுரையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். கிண்டி தொழிற்பேட்டையில் வேலை கிடைத்திருக்கிறது. கைக்கு வரும் சம்பளம் 40,000. மனைவி, நான்கு வயது மகள். வாடகைக்கு 12,000 வரை ஒதுக்க முடியும். வேளச்சேரியில் அந்த விலைக்கு ஒன்றும் அமையவில்லையாம். நண்பர் ஒருவர் ஆவடிக்குப் போகச் சொல்கிறாராம். "சென்னையில் உண்மையிலேயே மலிவான ஏரியா எது?" என்பது கேள்வி.

அப்படி ஒரு ஏரியா தனியாகக் கிடையாது என்றுதான் சொல்ல வேண்டும். மலிவான தெரு உண்டு, மலிவான மாடி உண்டு. தண்டவாளத்துக்கு இந்தப் பக்கத்தைவிட அந்தப் பக்கம் 3,000 குறைவு என்பதும் உண்டு. வாடகை குறைந்த ஒவ்வொரு வீட்டுக்கும் பின்னால் ஒரு காரணம் இருக்கும். மழைத் தண்ணீர் நிற்கலாம், குடிக்கத் தண்ணீர் இல்லாமல் இருக்கலாம், ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் பஸ் இல்லாமல் இருக்கலாம். அல்லது அந்தப் பகுதியின் மேல் ஊருக்கு ஓர் இளக்காரம் இருக்கலாம். இந்தக் கடைசிக் காரணம் மட்டும் நமக்கு லாபம். மற்றவை வாடகையில் விட்டுக்கொடுத்ததை வேறு பெயரில் மாதாமாதம் வசூலித்துவிடும்.

இதை நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். 2009இல் சென்னைக்கு வந்தவன், இதுவரை ஐந்து வாடகை வீடு. இரண்டாவது வீடு வேளச்சேரியில், தரைத்தளம். அக்கம்பக்கத்தில் 9,000 போய்க்கொண்டிருந்தபோது எனக்கு 6,500க்குக் கிடைத்தது. ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை, நம் முகராசி என்று நினைத்துக்கொண்டேன். 2015 டிசம்பர் 1ஆம் தேதி இரவு வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். எதிர்வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்து விடியலுக்குக் காத்திருந்தபோதுதான், எனக்கு முன்னால் இருந்தவர் எதற்காகக் காலி செய்தார் என்று அந்த வீட்டுப் பாட்டி சொன்னார். போன மழையிலும் முழங்கால் வரை வந்ததாம். மாதம் 2,500 மிச்சம் பிடித்தது பிரிட்ஜுக்கும் வாஷிங் மெஷினுக்கும் சரியாகப் போயிற்று.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். வேலை கிண்டியில் என்பது பாதி அதிர்ஷ்டம். கடற்கரை–தாம்பரம்–செங்கல்பட்டு மின்ரயில் பாதையும், விம்கோ நகர்–விமான நிலையம் மெட்ரோ பாதையும் இரண்டுமே கிண்டி வழியாகப் போகின்றன. ஆகையால் வரைபடத்தில் கிண்டியைச் சுற்றி வட்டம் போடாதீர்கள். இந்த இரண்டு கோடுகளை மட்டும் வரைந்து, ஒவ்வொரு ஸ்டேஷனிலிருந்தும் பதினைந்து நிமிடம் நடக்கும் தூரத்துக்குள் தேடுங்கள். கிண்டியிலிருந்து எட்டு கிலோமீட்டரில் பஸ் மாறிப் போகவேண்டிய இடத்தைவிட, ஏறக்குறைய பதினைந்து கிலோமீட்டர் தள்ளித் தாம்பரத்தில் இருப்பது பக்கம். மின்ரயிலில் குறைந்தபட்ச டிக்கெட் 5 ரூபாய்தான். மாத சீசன் எடுத்தால், இரண்டு பேர் சினிமாவுக்குப் போகும் காசுகூட ஆகாது. 2025இல் வந்த ஏசி மின்ரயிலுக்கு டிக்கெட் பல மடங்கு, அதை உங்கள் கணக்கில் சேர்க்காதீர்கள்.

பைக்கில் போய்விடலாம் என்று நினைத்தால் ஒரு கணக்கு. ஒரு வழிக்கு 25 கிலோமீட்டர் என்று வையுங்கள். தினம் ஒரு லிட்டர் பெட்ரோல், அதாவது 100 ரூபாய். மாதம் 25 நாளுக்கு 2,500. முதுகுவலி தனி.

இனி ஸ்டேஷன் ஸ்டேஷனாகப் பார்ப்போம். வாடகை என்று நான் சொல்வதெல்லாம் நண்பர்களும் சொந்தக்காரர்களும் கொடுத்துக்கொண்டிருப்பதை வைத்து. தெருவுக்குத் தெரு மாறும்.

கிண்டிக்கு அடுத்துள்ள பரங்கிமலை, பழவந்தாங்கல் ஸ்டேஷன்களை ஒட்டி ஆதம்பாக்கமும் நங்கநல்லூரும் இருக்கின்றன. நங்கநல்லூர் உங்கள் பட்ஜெட்டுக்கு மேல். ஆதம்பாக்கத்தின் பழைய வீடுகளில், இரண்டாவது மாடியில், லிப்ட் இல்லாமல், 12,000க்கு ஒரு சிங்கிள் பெட்ரூம் அகப்படலாம். சிறிய வீடாகத்தான் இருக்கும். கொஞ்சம் உள்ளே தள்ளி மூவரசம்பட்டு, கீழ்க்கட்டளை என்று போனால் அதே காசுக்கு ஓர் அறை பெரிதாகும். ஆனால் அங்கிருந்து ஸ்டேஷனுக்கு நடக்க முடியாது, ஷேர் ஆட்டோ வேண்டும். மழை பலமாகப் பெய்தால் பழவந்தாங்கல் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்று இரண்டு பக்கமும் துண்டாகிவிடும். வருடத்தில் சில நாள்தான் என்று எடுத்துக்கொள்ளலாம்.

பல்லாவரத்தில்தான் கவனமாகப் பார்க்க வேண்டும். ஸ்டேஷனிலிருந்து மேற்கே போனால் பம்மல், நாகல்கேணி, அனகாபுத்தூர், பொழிச்சலூர். வாடகை சட்டென்று குறையும். 8,000, 9,000க்கே நல்ல வீடு பார்த்திருக்கிறேன். காரணம் ஒன்றல்ல, மூன்று. பம்மல், நாகல்கேணி பக்கம் பல காலமாகத் தோல் பதனிடும் தொழிற்சாலைகள் இருந்ததில் பல தெருக்களில் போர் தண்ணீர் கெட்டுப் போயிருக்கிறது. பொழிச்சலூரும் கவுல் பஜாரும் விமான நிலைய ஓடுபாதைக்கும் அடையாற்றுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட ஊர்கள். தலைக்கு மேல் விமானம், பக்கத்தில் ஆறு. செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்தால் தண்ணீர் இந்த வழியாகத்தான் போக வேண்டும், 2015இல் போயிற்று. ஆனால் பம்மலிலேயே கொஞ்சம் மேடான தெருக்கள் இருக்கின்றன, அங்கே வெள்ளமும் கிடையாது, விமானமும் நேர் மேலே கிடையாது. தண்ணீர்ப் பிரச்சினை ஒன்றுதான். குழாயில் வருவது என்ன, வாரம் எத்தனை நாள் வருகிறது என்று பார்த்து முடிவு செய்தால், உங்கள் பணத்துக்குக் கிண்டிக்கு இவ்வளவு கிட்டத்தில் இதைவிட நல்லது அமைவது கஷ்டம். காலை எட்டு மணிக்குப் பம்மல் பிரதான சாலை நெரிசலில் திணறும். வீடு பேசுவதற்கு முன் ஒரு திங்கட்கிழமை அந்த நேரத்தில் ஸ்டேஷன் வரை போய்ப் பாருங்கள், ஞாயிற்றுக்கிழமை பார்த்து ஏமாறாதீர்கள்.

குரோம்பேட்டை, தாம்பரம் சானடோரியம், தாம்பரம் மூன்றும் உங்களுக்கு ஏற்றவை. மருத்துவமனை, பள்ளிக்கூடம், மார்க்கெட் எல்லாம் ஜிஎஸ்டி சாலை எனப்படும் திருச்சி நெடுஞ்சாலையை ஒட்டியே இருக்கின்றன. தாம்பரத்திலிருந்து கிண்டிக்கு மின்ரயிலில் அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். பல வண்டிகள் அங்கிருந்தே கிளம்புவதால் உட்கார இடம் கிடைக்கும். தினம் இரண்டு வேளை பயணம் செய்பவனுக்கு இதன் அருமை தெரியும். கிழக்குத் தாம்பரம், சேலையூர், கேம்ப் ரோடு பக்கம் வாடகை கொஞ்சம் அதிகம். கேம்ப் ரோட்டைத் தாண்டி ராஜகீழ்ப்பாக்கம், மாடம்பாக்கம் போனால் குறையும், ஆனால் ஸ்டேஷனுக்கு வர இன்னொரு பஸ். மேற்குத் தாம்பரத்தில் ஸ்டேஷனை ஒட்டிய தெருக்கள் பரவாயில்லை. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் விலை குறைச்சலாகத் தெரிந்தால் காரணம் கேட்கவே வேண்டாம், 2015இல் படகு போன இடங்கள் அவை. பிறகு வடிகால் வேலைகள் நடந்திருக்கின்றன என்றாலும், முதல் மாடிக்குக் கீழே எதையும் நான் எடுக்க மாட்டேன். சிட்லபாக்கத்திலும் ஏரியை ஒட்டிய தெருக்களுக்கு அதே கதை.

தாம்பரத்துக்குத் தெற்கே பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி. இங்கே 10,000, 11,000க்கு டபுள் பெட்ரூமே கிடைக்கும். மதுரையில் இருந்த மாதிரி காற்றோட்டமாக, துணி காயப்போட மாடியோடு. 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்த பிறகு வண்டலூர், ஊரப்பாக்கம் வீட்டுக்காரர்கள் அந்தப் பெயரைச் சொல்லி ஆயிரம் ஏற்றிவிட்டார்கள். தீபாவளிக்கு மதுரை போகிற உங்களுக்கு அதில் கொஞ்சம் பிரயோஜனமும் உண்டு. சிக்கல் என்னவென்றால், தாம்பரத்தோடு நின்றுவிடும் வண்டிகள்தான் அதிகம். செங்கல்பட்டு வண்டி குறைவு. அதைத் தவறவிட்டால் பிளாட்பாரத்தில் காத்துக்கிடக்க வேண்டும். ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிட நடை என்றால் கூடுவாஞ்சேரியை ஒத்துக்கொள்வேன். உள்ளே நான்கு கிலோமீட்டர் தள்ளி, 'பேருந்து வசதி உண்டு' என்று சொல்லி விற்கப்படும் நகர்களுக்கு ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இப்போது இளக்காரக் கணக்கு. மெட்ரோ பாதையின் மறுமுனை திருவொற்றியூர். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ ஓடத் தொடங்கியது. விம்கோ நகரிலோ திருவொற்றியூரிலோ ஏறினால் வண்டி மாறாமல் கிண்டியில் இறங்கலாம், ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஆனாலும் வீட்டு வாடகை நகரத்தின் தெற்குப் பக்கத்தோடு ஒப்பிட முடியாத அளவு குறைவு. ஏன்? 'வட சென்னையா?' என்று கேட்பவர்களால்தான் பெரும்பாலும். அப்படிக் கேட்பவர்களில் பாதிப் பேர் வண்ணாரப்பேட்டைக்குத் துணி எடுக்க மட்டும் வந்திருப்பார்கள். என் மனைவியின் அக்கா குடும்பம் காலடிப்பேட்டையில் இருபது வருடமாக இருக்கிறது. (அந்தப் பெயருக்கும் காலடிக்கும் சம்பந்தமில்லை. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கவர்னராக இருந்த காலெட் என்பவர் நெசவாளர்களைக் குடியமர்த்திய பேட்டை அது.) ராத்திரி பதினொரு மணிக்கும் தெருவில் ஆள் நடமாட்டம், கூப்பிட்ட குரலுக்கு நாலு பேர், நல்ல மீன், வடிவுடையம்மன் கோயில் என்று அவர்களுக்கு ஒரு குறையும் இல்லை.

குறையே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. மணலியிலும் எண்ணூரிலும் சுத்திகரிப்பு ஆலை, உர ஆலை, அனல் மின் நிலையம் எல்லாம் இருக்கின்றன. காற்று அந்தத் திசையிலிருந்து அடிக்கும் ராத்திரிகளில் வாடை வரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு கலந்து எண்ணூர் முகத்துவாரம் வரை பரவியது, அதே மாதக் கடைசியில் அம்மோனியா கசிந்து மக்கள் நள்ளிரவில் வீட்டைவிட்டு ஓட வேண்டியதாயிற்று. குழந்தைக்கு வீசிங் தொல்லை உண்டென்றால் விம்கோ நகருக்கு வடக்கே போகாதீர்கள். தண்டையார்பேட்டை, காலடிப்பேட்டை, தேரடி வரை பாருங்கள். மெட்ரோ செலவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதிகபட்சக் கட்டணம் 50 ரூபாய், அட்டையிலோ க்யூஆரிலோ எடுத்தால் 20 சதவீதம் குறையும். போக வர 80, மாதத்துக்கு 2,000. மின்ரயில் சீசனோடு பார்த்தால் இது அதிகம்தான். ஆக, தாம்பரத்தைவிட வாடகையில் 2,000 மிச்சமானால்தான் சமம், அதற்கு மேல் மிச்சமானால் லாபம்.

ஆவடியைப் பற்றி: ஊர் நல்ல ஊர்தான். ஆவடி, திருமுல்லைவாயல், அம்பத்தூர், கொரட்டூர் எல்லாம் சென்ட்ரல்–அரக்கோணம் பாதையில் வாடகை நியாயமான இடங்கள். ஆனால் உங்களுக்கு அல்ல. நீங்கள் சென்ட்ரலில் இறங்கி, எதிரே பூங்கா ஸ்டேஷனுக்கு நடந்து, அங்கே கூட்டத்தில் இன்னொரு வண்டி ஏற வேண்டும். தினம் மூன்று மணி நேரம் போய்விடும். உங்கள் மனைவிக்கு அம்பத்தூர் தொழிற்பேட்டையிலோ, 2024இல் திறந்த பட்டாபிராம் டைடல் பூங்காவிலோ வேலை அமைந்தால் மறுபடி யோசிக்கலாம். ஓஎம்ஆர் (பழைய மாமல்லபுரம் சாலை) பற்றி ஒரு வரி போதும்: கிண்டியில் வேலை செய்பவனுக்கு அங்கே வேலை இல்லை. போரூர், பூந்தமல்லி பக்கம் 'மெட்ரோ வருது' என்று சொல்லி வாடகை கேட்பார்கள். உங்கள் அலுவலகத்துக்குப் போகிற ரயில் ஓடும் ஸ்டேஷனுக்கு மட்டும் காசு கொடுங்கள்.

மனைவி வேலைக்குப் போவதானால் இன்னொரு கணக்கும் உண்டு. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. வீட்டுக்குப் பக்கத்து நிறுத்தத்தில் நிற்பது சாதாரணக் கட்டண பஸ்ஸா, டீலக்ஸா என்று பார்த்து வையுங்கள். ஒரே நிறுத்தம்தான் என்றாலும் மாதம் ஆயிரம் ரூபாய் வித்தியாசம் வரலாம்.

வாடகைக்கு வெளியே போகும் பணம்தான் புதிதாக வருபவர்களைக் கவிழ்க்கிறது. முதலில் மின்சாரம். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், அதற்கு மேலும் 500 யூனிட்டுக்குள் இருந்தால் கட்டணம் படிப்படியாகத்தான் ஏறும். உங்கள் வீட்டுக்குத் தனி ஈபி கார்டு இருந்தால் 300 யூனிட் ஓடினாலும் ஆயிரத்துக்குள் முடிந்துவிடும். வீட்டுக்காரர் சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 9 ரூபாய் என்று வாங்கினால் அதே 300 யூனிட்டுக்கு 2,700. மாதத்துக்கு எண்ணூறு, தொள்ளாயிரம் கூடுதல் வாடகை கொடுக்கிறீர்கள் என்று அர்த்தம். அதனால் வீடு பார்க்கப் போனதும் நான் சமையலறைக்குள் நுழைவதில்லை, மாடிப்படிக்குக் கீழே மீட்டர் பலகையைத்தான் பார்க்கிறேன். ஆறு வீட்டுக்கு ஆறு மீட்டர் இருந்தால் மேலே பேசுவேன்.

அப்புறம் தண்ணீர். மெட்ரோ வாட்டர் எனப்படும் குடிநீர் வாரியக் குழாய் வருகிறதா, எத்தனை நாளுக்கு ஒரு முறை, போர் தண்ணீர் உப்பா, மஞ்சளா, கோடையில் லாரி வாங்குகிறார்களா, வாங்கினால் அந்தக் காசு பராமரிப்பில் அடங்குமா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். 2019 கோடையில் நகருக்குத் தண்ணீர் தரும் ஏரிகள் வற்றியபோது, வாடகையைவிடத் தண்ணீருக்கு அதிகம் கொடுத்த குடும்பங்கள் எனக்குத் தெரியும். வீட்டுக்காரர் பொய் சொல்ல மாட்டார், ஆனால் 'தண்ணிக் கஷ்டமே இல்ல சார்' என்பதற்குச் சென்னையில் ஐந்தாறு அர்த்தம் உண்டு. பாத்ரூம் குழாயின் வாயைப் பாருங்கள். வெள்ளையாக உப்புப் படிந்திருந்தால் பதில் அங்கேயே இருக்கிறது. குடிக்க 20 லிட்டர் கேன் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், மூன்று பேருக்கு மாதம் பத்து கேனாவது ஆகும்.

வெள்ளத்துக்கு ஊர்ப் பெயரே பாதி சொல்லிவிடும். தாங்கல் என்றால் சின்ன ஏரி. பழவந்தாங்கல், ஈக்காட்டுத்தாங்கல், ஐயப்பன்தாங்கல் எல்லாம் அப்படி வந்த பெயர்கள். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது, ஏரி எங்கே என்று தேடாதீர்கள். 1920களில் அந்தப் பெரிய ஏரியை வற்றவைத்துத்தான் தியாகராய நகரைக் கட்டினார்கள். வள்ளுவர் கோட்டம் நிற்பதும் நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில்தான். இதற்காக அங்கெல்லாம் குடிபோகக் கூடாது என்றில்லை. தெருவின் மட்டத்தைப் பார்க்க வேண்டும். சாலையை மேல் மேல் போட்டு உயர்த்தியதில் பழைய வீடுகள் பள்ளத்துக்குப் போயிருக்கும். வாசலில் படி ஏறினால் நல்லது, இறங்கினால் யோசியுங்கள். தெருமுனையில் இஸ்திரி போடுபவரிடம் "2015ல தண்ணி எது வரைக்கும் வந்துச்சு? 2023ல?" என்று கேளுங்கள். இந்த இரண்டு வருடமும் தப்பித்த தெரு பெரும்பாலும் தப்பிக்கும். புரோக்கர் இருக்கும்போது கேட்காதீர்கள், அவர் பதில் சொல்ல விடமாட்டார்.

தேடும் முறை: செல்போனில் விலையைப் பார்த்துக்கொள்ளலாம், வீட்டை நடந்துதான் பிடிக்க வேண்டும். 12,000க்குள் உள்ள வீடுகளில் பாதி இணையத்துக்கே வராது. வாசல் கேட்டில் 'டு லெட்' அட்டையோடு சரி. மளிகைக் கடைக்காரரும் பால் பூத்காரரும் புரோக்கரைவிட அதிகம் தெரிந்தவர்கள், ஒரு மாத வாடகைக் கமிஷனும் மிச்சம். வீட்டைப் பார்க்காமலேயே டோக்கன் அனுப்பச் சொல்லி, தான் ராணுவத்தில் வெளிமாநிலத்தில் இருப்பதாக யாராவது கதை சொன்னால் போனை வைத்துவிடுங்கள்.

'நீங்க என்ன ஆளுங்க?', 'அசைவம் சமைப்பீங்களா?' என்ற கேள்விகளும் வரும். மதுரையிலிருந்து வருகிறேன் என்றதும் சில இடங்களில் முதல் கேள்வியே அதுவாக இருக்கும். பொய் சொல்லிக் குடியேறினால் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு மீன் பொரிக்க வேண்டியிருக்கும். வேறு வீடு பாருங்கள். அந்தக் கேள்வி கேட்காத தெருக்களில் பல நேரம் வாடகையும் குறைவாக இருக்கிறது என்பது என் அனுபவம்.

அட்வான்ஸ். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் என்பது பழைய வழக்கம், இன்னும் கேட்பார்கள். 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறாக ஒத்துக்கொள்ளாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. 'ஒப்பந்தத்தில் வேறாக' என்ற ஓட்டை வழியாகத்தான் பத்து மாதம் உள்ளே வருகிறது. சட்டத்தைக் காட்டிப் பேசினால் வீடு கிடைக்காது, காசைக் காட்டிப் பேசுங்கள்: "நாலு மாசம் இப்பவே தர்றேன், ஐயாயிரம் டோக்கன் இந்தாங்க." பலர் இறங்கி வருவார்கள். எழுத்து ஒப்பந்தம் போட்டு வாடகை அதிகார அமைப்பில் பதிவு செய்யச் சொல்கிறது அந்தச் சட்டம். பெரும்பாலானவர்கள் இன்னும் 11 மாத ஒப்பந்தத்தை முத்திரைத்தாளில் எழுதிப் பெட்டியில் வைத்துக்கொள்கிறார்கள். எப்படிப் போட்டாலும் மூன்று விஷயம் எழுத்தில் இருக்கட்டும்: வருடா வருடம் எத்தனை சதவீதம் ஏற்றுவார், காலி செய்ய எத்தனை மாத நோட்டீஸ், பெயின்ட் அடிக்க எவ்வளவு பிடிப்பார். மூன்றாவதை எழுதாததால் எனக்கு நான்காவது வீட்டில் ஒன்றரை மாத வாடகை போயிற்று. குடிபோகும் அன்றே சுவர், குழாய், கதவு எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வீட்டுக்காரருக்கும் அனுப்பிவிடுங்கள்.

'லீசுக்குத் தர்றோம், ஏழு லட்சம் கொடுத்தா மாச வாடகையே இல்ல' என்றும் வரும். ஊரில் நாம் ஒத்தி என்பதுதான். வீட்டுக்காரரிடம் நேராக, வில்லங்கச் சான்று எடுத்து, வங்கிக் கடன் இல்லை என்று உறுதி செய்து, பதிவும் செய்தால் நல்ல ஏற்பாடு. நடுவில் ஒரு கம்பெனி உட்கார்ந்துகொண்டு உங்களிடம் மொத்தமாக வாங்கி, வீட்டுக்காரருக்கு மாத வாடகை கொடுத்து வருவதாகச் சொன்னால் கும்பிட்டு நகர்ந்துவிடுங்கள். கம்பெனி கொடுப்பதை நிறுத்திய நாளில் வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டுவார். இந்த வகையில் பணத்தை விட்டவர்கள் சென்னையில் ஏராளம்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு, எனக்காகச் சொல்லுங்கள் என்றால் என் வரிசை இது: தாம்பரம் அல்லது சானடோரியத்தில் ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரத்தில், தனி ஈபி கார்டோடு, முதல் மாடியில் ஒரு சிங்கிள் பெட்ரூம். அது அமையாவிட்டால் பம்மலின் மேட்டுத் தெருக்கள். கடற்காற்றும் ஊர்க்கலகலப்பும் பிடிக்கும் குடும்பமானால் காலடிப்பேட்டை. கூடுவாஞ்சேரி நான்காவது. மகளுக்கு எல்கேஜி சேர்க்க வேண்டுமென்றால் பள்ளியை முதலில் பார்த்துவிட்டு அதிலிருந்து வீட்டைத் தேடுங்கள். வேன் கட்டணம் வேறு கணக்கைக் கவிழ்க்கும்.

நேரம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மே மாதம் பள்ளி மாற்றம், இடமாற்றம் என்று எல்லாரும் வீடு தேடுவார்கள், அப்போது பேரம் நடக்காது. ஆடியில் யாரும் குடிபோக மாட்டார்கள், மார்கழியிலும் அப்படித்தான். ஜூலை நடுவில் காலியான வீடு ஒரு மாதம் பூட்டிக் கிடக்கும், வங்கித் தவணை கட்டும் வீட்டுக்காரருக்கு அந்த மாதம் வலிக்கும். நான் இப்போது இருக்கும் வீட்டை ஆடி பத்தாம் தேதி பார்த்தேன். 11,500 சொன்னார், 10,500க்கு இறங்கினார், ஆறு மாத அட்வான்ஸ் நான்கானது. ஆடியில் பால் காய்ச்சுவதற்கு என் அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. டோக்கனை மட்டும் கொடுத்து, வாடகை ஆவணி முதல் தேதியிலிருந்து என்று எழுதிக்கொண்டோம். உங்கள் வீட்டிலும் பெரியவர்கள் தடுத்தால் இப்படிப் பேசிப் பாருங்கள்.